ஆற்றில் விழுந்த அடி, குளத்தில் கேட்ட ஓசை

சென்ற மார்கழியில் ஒரு நாள், பழமலைநாதர் கோயில் ஒலிபெருக்கிகூட இன்னும் வாய் திறவாத வைகறைப் பொழுதில், எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவருக்குள்ளிருந்து யாரோ முஷ்டியை மடக்கிக்கொண்டு மூன்று முறை பலமாகத் தட்டினார்கள். சுவருக்குள் மனிதர் இருக்க நியாயமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும், ஷவரின் பிடியைத் திருகி மூடிய கை விலகுவதற்கு முன்பே எழுந்து, சுவர் வழியே ஏறி, மாடியில் உறங்கிய பேரனை எழுப்பி, பக்கத்து வீட்டு நாயையும் குரைக்கச் செய்த பின்னரே அடங்கிய அந்த ஓசையைக் கேட்டுவிட்டு, வயது முதிர்ந்த என் தமக்கையார் ‘வாஸ்து பார்த்துக் கட்டியிருக்கலாம்’ என்று சொன்னபோது, அதை மறுக்கத் தக்க விஞ்ஞான விளக்கம் ஏதும் என் கைவசம் இல்லை.

மறுநாள் வந்த தொழிலாளியிடம் விளக்கம் இருந்தது. ஷவரைத் திறந்தார், மூடினார், சுவரில் காதை வைத்தார். ‘சார், டைவர்ட்டருக்குள்ள இருக்கிற பீங்கான் தட்டு போயிடுச்சு, அதான் அடிக்குது’ என்றார். விருத்தாசலத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் பீங்கானைப் பற்றிக் குறை சொல்வது பத்தமடைக்காரரிடம் பாயைப் பழிப்பதற்கு ஒப்பானது என்பதை அவர் அறியவில்லை. என் மனத்தாங்கலை வெளிக்காட்டாமல் சம்மதித்தேன். நான்கு டைல்ஸ் உடைந்தன. உள்ளே, நீரை ஷவருக்கும் குழாய்க்கும் திருப்பிவிடும் அந்த டைவர்ட்டரின் கார்ட்ரிட்ஜ் கழற்றப்பட்டுப் புதியது பொருத்தப்பட்டது. இரண்டு நாள் கூலியும் கைமாறியது. மூன்றாம் நாள் விடியலில், சுவர் திறந்து கிடந்த காரணத்தால் முன்னிலும் கணீரென்று, அதே மூன்று தட்டல்கள் கேட்டன.

பிறகு வந்த பெரியவர், இரும்புக் குழாய்க்குக் கையால் மரை வெட்டிய காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். அவர் ஷவரைத் தொடவே இல்லை. என்னைக் கீழே நிறுத்தி, திறந்து மூடச் சொல்லிவிட்டு, தாம் மொட்டை மாடிக்கு ஏறிப் போனார். அரை மணி கழித்து இறங்கி வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, ‘சத்தம் கேக்குற எடம் இதுங்கய்யா, அடி விழுற எடம் மேல இருக்கு’ என்றார்.

இவ்வூருக்குத் திருமுதுகுன்றம் என்று பெயர் வழங்கிய நாளிலே, சுந்தரமூர்த்தி நாயனார் இறைவனிடம் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டு, பல காத தூரத்துக்கு அப்பால், திருவாரூர்க் குளத்தில் இறங்கி அதைத் தேடி எடுத்தார் என்பது பெரியபுராணம் கண்ட வரலாறு. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் அறிவீனத்துக்கு உதாரணமாகச் சொல்லும் பழமொழி அந்த அற்புதத்தின் அடியொற்றிப் பிறந்தது என்பார்கள். குழாய் விஷயத்திலோ அந்தப் பழமொழி அறிவீனமுமன்று, அற்புதமுமன்று, அன்றாட நடைமுறை. நீர் நிரம்பிய குழாயில் ஓரிடத்தில் விழுந்த அடி, நீரின் வழியாகவும் குழாயின் உடல் வழியாகவும் விரைந்து சென்று, எங்கே குழாய் தளர்ந்திருக்கிறதோ, எங்கே சுவர் வெற்றிடமாக இருந்து பறைபோல் அதிர்கிறதோ, அங்கே வெளிப்படுகிறது. ஓசை கேட்கும் இடத்தை உடைப்பவர் குளத்தில் தேடுகிறார். ஆனால் பொன் இன்னும் ஆற்றிலேயே கிடக்கிறது.

இந்த ஓசையின் இயல்பைக் கணக்கிட்டுச் சொன்னவர்களுள் முதன்மையானவர் நிக்கொலாய் ழுக்கோவ்ஸ்கி என்னும் ருஷ்ய விஞ்ஞானி. பிற்காலத்தில் ருஷ்ய விமானவியலின் தந்தை என்று போற்றப்பட்ட அவர், 1897-98இல் மாஸ்கோ நகரின் அலெக்செயெவ் நீரேற்று நிலையத்தில் குழாய்களை வரிசையாகப் பூட்டி, ஓடும் நீரைத் திடீரென்று தடுத்தால் என்ன நேர்கிறது என்று சோதித்துப் பார்த்தார். நீருக்கு எடை உண்டு. ஓடும் எடைக்கு வேகம் உண்டு. அந்த வேகத்தைக் கதவடைத்தாற்போல் நிறுத்தினால், முன்வரிசை நின்றதை அறியாத பின்வரிசை வந்து மோத, அழுத்தம் ஓர் அலையாக எழுந்து வந்த வழியே திரும்பி ஓடுகிறது. இரும்புக் குழாயில் அந்த அலை விநாடிக்குச் சுமார் 1,300 மீட்டர் பாயும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் சாதுவாகப் போய்க்கொண்டிருந்த நீரை அவ்விதம் ஸ்தம்பிக்கச் செய்தால், 130 மீட்டர் உயரத்துத் தொட்டியிலிருந்து இறங்கும் நீருக்குச் சமமான அழுத்தம் ஒரு கணம் தோன்றி மறைகிறது. இப்போது எங்கும் பரவிவிட்ட சி.பி.வி.சி. குழாய் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும் குணமுடையது; அதனால் அலையின் வேகம் 400 முதல் 500 மீட்டராகவும், அழுத்தம் 40, 50 மீட்டர் உயரத்துக்கு ஈடாகவும் தணிகிறது. நம் மொட்டை மாடித் தொட்டியின் சாதாரண உயரம் ஐந்து மீட்டரே என்பதை நினைத்துப் பார்த்தால், தணிந்த அடியும் அற்பமன்று என்பது விளங்கும்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. முதலில் வந்த தொழிலாளியின் தீர்ப்பு பிசகியது அங்கேதான். அழுத்தம் முழுப் பலத்தோடு எழ வேண்டுமானால், கிளம்பிய அலை குழாயின் மறுகோடி வரை போய்த் திரும்புவதற்கு முன்பாகவே வால்வு மூடி முடிந்திருக்க வேண்டும். பதின்மூன்று மீட்டர் நீள இரும்புக் குழாயில் அந்த அவகாசம் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. பிளாஸ்டிக் குழாயில் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. மனிதர் கை அத்தனை விரைவாக எதையும் மூடாது. துணி துவைக்கும் இயந்திரத்தின் மின்காந்த வால்வு மூடும். மோட்டார் நின்ற கணத்தில், திரும்பி விழும் நீர்த் தூண் அறைந்து சாத்தும் என்.ஆர்.வி. என்னும் ஒருவழி வால்வு மூடும். ஷவரை மூடும் கையால் எழும் அடி இவற்றில் ஒரு சிறு பங்குதான். கிளாம்ப் கழன்ற குழாயை உலுக்க அந்தச் சிறு பங்கும் போதும் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும்.

பீங்கான் தட்டைப் பற்றியும் நேர்மையாகவே பேச வேண்டியிருக்கிறது. ஊர்ப்பற்று என் கண்ணை மறைக்கலாகாது. பழைய குழாயில் ரப்பர் வாஷர் இருந்தது. அதை மூடுவதற்குப் பிடியை மூன்று நான்கு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தச் சுற்றுகளே நீரை மெல்ல மெல்ல நிறுத்திவிடும். இன்றைய குழாயிலோ இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன; மேல்வில்லையைக் கால் சுற்றுத் திருப்பினால் துளையும் துளையும் விலகி, நீர் உடனே நிற்கிறது. நம்மூர்ச் சூளைகளில் வேகும் பொம்மைக்கும் அகல்விளக்குக்கும் மின்சார ஃபியூஸ் கட்டைக்கும் அந்த வில்லை தூரத்து உறவுதான். களிமண்ணுக்குப் பதிலாக அலுமினா என்னும் வெண்ணிறத் தூளை அழுத்தி, 1,600 டிகிரி அளவு வெப்பத்தில் சுட்டு, பிறகு முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்ளும்படி மெருகிடுகிறார்கள். ரத்தினக் கற்களுள் ஒன்றான நீலத்துக்குரிய கடினம் அதற்கு உண்டு. ஏனெனில் நீலமும் அலுமினாவே. போர்த் தண்ணீரின் உப்பும் மணலும் ரப்பரை ஓராண்டில் தின்றுவிடும். இந்த வில்லையைப் பல ஆண்டுகளுக்கு ஒன்றும் செய்ய இயலாது. களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றிக் கொலு பொம்மை வார்க்கும் கைகளும், செராமிக் காலேஜில் சூளை வெப்பத்தின் நுட்பத்தைப் பயிலும் மாணவரும் ஒருசேர வாழும் இவ்வூரில், அந்த வில்லையின் மேன்மையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அதன் குற்றம் ஒன்றே: தன் வேலையை அது மிக விரைவாகச் செய்துவிடுகிறது. அதற்குரிய பரிகாரம் மெதுவாகத் திருப்புவது; அதற்குச் செலவில்லை, சுவரை உடைக்கவும் வேண்டாம்.

மொட்டை மாடியில் என்ன இருந்தது என்றால், ஷவரில் நீர் மழைபோல் கொட்ட வேண்டும் என்ற என் மருமகனின் ஆசைக்கிணங்கச் சென்ற ஆண்டு வாங்கி வைத்த பிரஷர் பம்பு இருந்தது. தொட்டியின் நீர் தானாக இறங்கிக் கொண்டிருந்த காலத்தில் நம் வீடுகளில் இத்தகைய ஓசை அபூர்வம். பம்பு வந்த பின்னரே இது தெருவுக்குத் தெரு கேட்கிறது. பம்போடு ஒரு சிறு இரும்பு உருண்டையும் வருகிறது. அதன் வயிற்றில் ஒரு ரப்பர்ப் பை. பைக்குள் நீர், பைக்கு வெளியே காற்று. ஷவரை மூடினால் எழும் அழுத்தத்தை அந்தக் காற்று சுருங்கி ஏற்றுக்கொள்கிறது. மீண்டும் திறந்தால் விரிந்து கொடுக்கிறது. எங்கள் உருண்டையில் காற்று போய்விட்டது. மெத்தை இல்லாத கட்டிலில் விழுந்தவன் நிலை நீருக்கு. ஷவரை மூடியதும் அழுத்தம் ஏறிப் பம்பு நின்றது, ஏறிய அழுத்தம் தாங்க இடமின்றிச் சடக்கென்று இறங்கப் பம்பு ஓடியது, மறுபடி நின்றது, ஒவ்வொரு முறையும் அதன் என்.ஆர்.வி. அறைந்து சாத்தியது. குழாய் இறங்கி வரும் சந்தில் இரண்டு கிளாம்புகள் துருப்பிடித்துக் கழன்றிருந்தபடியால், அந்த அறை முழுவதும் குளியலறைச் சுவரில் வந்து விழுந்தது. மூன்று தட்டல்களின் ரகசியம் இவ்வளவே.

பெரியவர் பம்பின் மின்சாரத்தை நிறுத்தி, குழாயைத் திறந்து நீரை வடித்துவிட்டு, பஞ்சர் கடையிலிருந்து காற்றடிக்கும் பம்பை இரவல் வாங்கி வந்து, ஸ்கூட்டர் சக்கரத்துக்கு அடிப்பது போலவே அந்த உருண்டைக்குக் காற்றடித்தார். பம்பு 20 பவுண்டில் ஓடத் தொடங்கும். ஆகவே காற்று 18 பவுண்டு இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நீரை வடிக்காமல் அளந்தால் அளவு பொய் சொல்லும் என்றும் எச்சரித்தார். பிறகு, ரப்பர் வைத்த புதிய கிளாம்புகள் இரண்டு. ஆன செலவைச் சொன்னால், முதலில் வந்தவருக்கு நான் கொடுத்ததை நினைத்து எனக்கே வெட்கமாக இருக்கிறது.

எல்லா வீட்டு ஓசையும் இதே காரணத்தால் எழுவதன்று. பழைய திருகு குழாயில் வாஷரின் ஆணி தளர்ந்தால், நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது கிடுகிடுவென்று ஆடிக் குழாயையே பாடவைக்கும். பிடியைச் சற்றுக் கூடத் திறந்ததும் பாட்டு நின்றுவிட்டால் வாஷர்தான் என்று நிச்சயிக்கலாம். தொட்டி வற்றி நிரம்பிய மறுநாள், ஷவர் இருமி இருமித் துப்புவது, குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும் ஏர் லாக். அதற்காகவே விஷயம் அறிந்தவர்கள் தொட்டியின் வெளிக்குழாயில், கேட் வால்வுக்கு அடுத்தாற்போல், வானம் பார்த்த காற்றுக் குழாய் ஒன்றை நிறுத்துகிறார்கள். 2004இல் வீராணத்திலிருந்து சென்னைக்கு நீர் கொண்டுபோன பெருங்குழாயிலும், சிறு வீட்டின் மாடியிலும், காற்றுக்கு வழி விட வேண்டிய நியதி ஒன்றுதான். கெய்சரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாய், மூடி நெடுநேரம் கழித்தும் ‘டிக், டிக்’ என்று முனகினால் அது நீரின் குற்றமன்று. மூன்று மீட்டர் நீளமுள்ள சி.பி.வி.சி. குழாய் 30 டிகிரி சூடேறினால் சுமார் ஆறு மில்லிமீட்டர் நீள்கிறது, அதற்கு இடம் கொடாமல் சிமெண்டால் இறுகப் பூசிவிட்டோம். கீழே சம்பிலிருந்து ஏற்றும் மோட்டார் நிற்கும்போது மட்டும் ஒரே ஒரு ‘டம்’ கேட்டால் அங்குள்ள என்.ஆர்.வி.யைப் பார்க்க வேண்டும். எப்போது கேட்கிறது, எதைத் தொட்டால் கேட்கிறது, எதை நிறுத்தினால் நிற்கிறது என்ற மூன்று கேள்விகளை ஒரு நாள் முழுதும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டால், பத்தில் எட்டு வீடுகளில் உளியை எடுக்காமலே உண்மை வெளிவந்துவிடும் என்பது என் துணிபு. சுந்தரரும் பொன்னை ஆற்றில் இடும் முன் ஒரு துணுக்கை, மாற்று உரைத்துப் பார்க்கும் மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டவர். சோதித்துப் பார்ப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

கடைகளில் இப்போது அதிர்வு தாங்கி என்று ஒரு சிறு உபகரணம் விற்கிறார்கள். உள்ளே காற்றும் ஒரு தடுப்பும் கொண்ட அது, துணி துவைக்கும் இயந்திரத்தின் வால்வை ஒட்டி வைத்தால் நற்பயன் தருவது. அடி விழும் இடத்துக்கு அருகில் வைக்காமல், ஓசை கேட்கும் இடத்தில் வைத்தால் பணம் வீண். முனை அடைத்த குழாய்த் துண்டைச் செங்குத்தாக விட்டுக் காற்றைச் சிறைப்பிடிக்கும் பழைய முறையும் ஒன்றுண்டு. நாளடைவில் அந்தக் காற்று நீரில் கரைந்து போவதால், அவ்வப்போது வடித்து நிரப்ப வேண்டும். இந்த அடியையே வேலைக்கு அமர்த்திய சாமர்த்தியசாலிகளும் இருந்தார்கள்: வெப்பக் காற்றுப் பலூன் செய்து புகழ்பெற்ற மோங்கோல்ஃபியே சகோதரருள் ஒருவர் 1796இல், ஓடும் நீரைத் தானே தடுத்துத் தடுத்து, அந்த மோதலின் பலத்தாலேயே நீரை மேட்டுக்கு ஏற்றும் யந்திரம் ஒன்றை அமைத்தார். எண்ணெய் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். என் குளியலறைக்கு அது உதவாது என்பதால் மேலே செல்கிறேன்.

நான் இதையெல்லாம் எழுதப் புகுந்தது குழாய் வைத்தியம் கற்பிப்பதற்காக அன்று. நம் வீடு கட்டும் முறையைப் பற்றி ஒரு வழக்கு எனக்கு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் டைல்ஸுக்காகக் கணவனும் மனைவியும் நான்கு கடை ஏறி இறங்குகிறார்கள். நிறம் பார்க்கிறார்கள், பளபளப்புப் பார்க்கிறார்கள், விலையைப் பேசுகிறார்கள். அதற்குப் பின்னால், முப்பது ஆண்டுகள் வெளிச்சம் காணாமல் உழைக்கப் போகிற குழாயைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பூச்சு வேலை மறுநாள் என்றால் பிளம்பருக்கு முந்தின நாள் மாலைதான் சொல்லி அனுப்புகிறார்கள். அவரும் கிளாம்புக்குப் பதில் ஓர் ஆணியும் கம்பியும் கொண்டு ஒப்பேற்றிவிட்டுப் போகிறார். மின்சார வேலைக்கு அரசின் உரிமம் பெற்றவர் வேண்டும் என்பதை நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஐ.டி.ஐ.களில் பிளம்பர் தொழிலுக்கு ஓராண்டுப் பயிற்சி நடக்கிறது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் 9ஆம் பகுதி குழாய்ப் பணிக்கென்றே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம், ‘எங்கே பயின்றீர்?’ என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கேட்டால் கூலி கூடிவிடும் என்ற அச்சம் காரணமாக இருக்கலாம்.

ஆகவே வீடு கட்டுவோரிடமும் கட்டிக் கொடுப்போரிடமும் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. பூச்சுக்கு முன், திறந்து கிடக்கும் ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்துப் படம் பிடியுங்கள். கைபேசி இல்லாத மேஸ்திரி இன்று எவருமில்லை. எந்தக் குழாய் எங்கே ஏறி எங்கே திரும்புகிறது என்று ஒரு தாளில் கோடு இழுத்து, சாவியோடு சேர்த்து வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். அந்தத் தாள் வராமல் கடைசித் தவணைப் பணம் கொடுப்பதில்லை என்று வீட்டுக்காரர்கள் உறுதி கொள்ளட்டும். ஒவ்வொரு குளியலறைக்கும் தனியாக ஒரு நிறுத்து வால்வு இருக்கட்டும். ஒரு வாஷர் மாற்றுவதற்காக வீடு முழுவதும் வறண்டு கிடக்க வேண்டாம். இவற்றையெல்லாம்விட முக்கியமாக, டைவர்ட்டருக்குப் பின்புறச் சுவரில் ஒரு சாண் சதுரத்துக்குக் கதவு ஒன்று வையுங்கள். அழகு கெடும் என்பார்கள். குழாய் தெரியாமல் இருப்பதுதான் நாகரிகம் என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்து நம்மிடம் குடியேறிவிட்டது. என் பாட்டனார் காலத்துக் குளியலறையில் குழாய் சுவரின் மேலேயே ஓடியது. கசிந்தால் கசியும் இடம் தெரிந்தது, தளர்ந்தால் ஒரு முளையடித்து இறுக்கினார்கள். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் அளவுக்கு நான் பழமைவாதியல்லன். ஒரு கதவு மட்டுமே கேட்கிறேன். பீங்கான் பலகையாலேயே அக்கதவுக்கு முகம் வைத்து, சுவரோடு சுவராகப் பொருத்த முடியாதா? பூவேலை முதல் பொம்மை வரை செய்யும் கைகள் உள்ள இவ்வூர்த் தொழிற்பேட்டையில் அப்படி ஒரு சாமானைச் செய்து விற்க ஒருவராவது துணியலாம். வாங்க ஆள் உண்டு. முதல் ஆள் நான்.

உடைபட்ட நான்கு டைல்ஸ் விஷயம் பாக்கி இருக்கிறது. அதே நிறத்தில் கல் வாங்குவதற்காகக் கடைவீதியெல்லாம் அலைந்தேன். அதே பெயர் உண்டு, அதே எண் உண்டு. ஆனால் வேறு சூளையில் வேறு நாளில் வெந்த கல், பக்கத்தில் வைத்தால் ஒரு மாற்றுக் குறைந்தே நிற்கிறது. கடைசியில், பெரியவர் யோசனைப்படி, அந்தப் பள்ளத்துக்கு ஒரு மரச் சட்டமும், அலுமினியக் கதவும், சிறு கொண்டியும் வைத்துவிட்டோம். விருந்தாளிகள் அதைக் கண்டு, ‘உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்கிறார்கள். என் தமக்கையார் எனக்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறார்: ‘தண்ணிதான். பார்க்கணும்னா தொறந்து பாரு.’